அடிக்கடி வருவது அழுக்கு

மூன்றாவது கட்டமும் பச்சையானது, எல்லோரும் கை தட்டினார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சோலைச்சாமி கையைக் கட்டிக்கொண்டான். எதற்குக் கை தட்டுகிறார்கள்? திரையில் ஆறு கட்டம் இருக்கிறது, வேலை முடிய முடிய ஒவ்வொன்றாகப் பச்சையாகிறது, இந்தக் கண்கொள்ளாக் காட்சிக்காக ஹைதராபாத்திலிருந்து விமானம் ஏறி நாலு பேர் வந்திருக்கிறார்கள், ஆளுக்கொரு தட்டில் வறுத்த முந்திரி வேறு. முன்னால் டைரக்டர் டாக்டர் சுதர்சனம் புதுக் கோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார், மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர் மாதிரி. இதற்குப் பெயர் பைப்லைன். ரத்தத்தை மெஷினில் விட்டால் மெஷின் அதிலுள்ள மரபணு எழுத்துகளைத் துண்டு துண்டாகக் கக்கும். முதல் கட்டம் அந்தத் துண்டுகளைச் சுத்தம் செய்யும், அடுத்தது அவற்றை மனிதனின் மூலப்பிரதியோடு பொருத்தி வைக்கும், மூன்றாவது எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று எடுத்துக் கொடுக்கும், நாலாவது மெஷின் செய்த அழுக்கை வடிகட்டும், ஐந்தாவது மிச்சத்தில் நோய் தருவது எது என்று பார்க்கும், ஆறாவது ரிப்போர்ட் எழுதி நோயாளியின் ஃபோனுக்கே அனுப்பிவிடும். ஒருவன் ஒரு தடவை எழுதி வைத்தால் போதும், ஊருலகமெல்லாம் எடுத்து ஓட்டலாம் என்பது இதன் பெருமை. உள்ளே என்ன இருக்கிறதென்று ஒருத்தரும் படிக்க வேண்டாம் என்பதும் அதே பெருமைதான், அதை மட்டும் டாக்டர் சொல்ல மாட்டார். அவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்தால்தானே சொல்வதற்கு. இந்த ஆஸ்பத்திரியில் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தவன் சோலைச்சாமி ஒருவன்தான், அவனைக் கடைசி வரிசையில் ஏ.சி. காற்று நேராகப் பிடரியில் அடிக்கிற நாற்காலியில் போட்டிருக்கிறார்கள். போடட்டும். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாத் தலைகளும் ஒரே மாதிரி ஆடுவது தெரிகிறது, ஆமாம் ஆமாம் என்று, கேட்டதெல்லாம் புரிந்த மாதிரி. தலை. என்னமோ சொன்னாளே அந்தப் பெண், காலையில், தலையைப் பற்றி.

தல நிக்கலங்க. அதுதான். படிவத்தில் கையெழுத்து வாங்க இவன் கீழே போனபோது, காத்திருப்போர் ஹாலில், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், மஞ்சள் கயிறு கழுத்தில் கிடக்க, கையில் துணிப்பை, பக்கத்தில் சுவரையே பார்த்துக்கொண்டு புருஷன். சோலைச்செல்வி. புருஷன் பெயர் சோலைக்கண்ணன். கேட்டதுமே உதடு கோணியது இவனுக்கு. “ஆறு மாசத்துலயே தெரிஞ்சு போச்சுங்க, புள்ளைக்குத் தல நிக்கல. கைய கால ஆட்டாம கெடந்துச்சு. பெறவு மூச்சு வாங்குச்சு.” அவ்வளவுதான் சொன்னாள், அழவில்லை, அழுது முடித்தவள் பேசுகிற பேச்சு அது. முதல் பிள்ளை போய்விட்டது. அதன் ரத்தத்தில் கொஞ்சம் மதுரை ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்தார்கள், நல்லவேளை, தாய் தகப்பன் ரத்தம் போன வாரமே இங்கே மெஷினில் ஓடியாயிற்று. இப்போது அவள் வயிற்றில் மூன்று மாதம். செத்த பிள்ளையின் ரத்தத்தில் எந்த எழுத்து கெட்டிருந்தது என்று தெரிந்துவிட்டால் வயிற்றில் இருப்பதிடமும் அதே எழுத்தைப் பார்க்கலாம், இப்போதே பார்க்கலாம், இன்னும் நாள் இருக்கிறது. தெரியாவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது, காரணம் எதுவும் காணப்படவில்லை என்று ஒரு காகிதம், அதைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போய் இன்னொன்றையும் பெற்று, ஆறு மாதம் அதன் கழுத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த ரத்தத்தைத்தான் மேலே படமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார் டாக்டர். நிஜமான நோயாளி, நேரடி ஓட்டம், கடைசிக் கட்டம் பச்சையானதும் கீழே அவள் ஃபோன் அடிக்கும், அதற்கும் கை தட்டுவார்கள். “நீங்க எந்தூருங்கண்ணே?” என்று கேட்டாள் அவள், போகிற போக்கில், இவன் முகத்தையே பார்த்துக்கொண்டு. “மதுரை,” என்றான் இவன், வெடுக்கென்று, பேனாவை மூடிக்கொண்டு. யாரும் கேட்டால் சொல்வது அதுதான். மதுரை என்றால் அதோடு பேச்சு நின்றுவிடும். அவள் விடவில்லை. “மொகத்தப் பாத்தா எங்க பக்கம் மாதிரி இருக்கு” என்றாள். என்ன துணிச்சல்.

நாலாவது கட்டம் சுழல ஆரம்பித்தது. டாக்டர் குரலைத் தாழ்த்தினார், பெரிய ரகசியம் சொல்கிறாராம். மெஷின் தப்புச் செய்யும், நண்பர்களே, சில இடங்களில் இல்லாத எழுத்தை இருப்பதாகப் படிக்கும், திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் அதே தப்பைச் செய்யும். அதனால் இங்கே ஒரு விதி இருக்கிறது. உலகத்துப் பட்டியல்களில் எங்குமே இல்லாத ஒரு மாற்றம் நம்முடைய ஸாம்பிள்களில் மட்டும் அடிக்கடி வந்தால், அது மனிதனிடம் இல்லை, மெஷினிடம் இருக்கிறது. தூக்கிப் போடு. முன்வரிசைத் தலைகள் ஆடின. சோலைச்சாமியின் தலையும் கொஞ்சம் ஆடிவிட்டது, அதைக் கவனித்து உடனே நிறுத்திக்கொண்டான். இந்தக் கழிசடைக் குழாயில் அவன் மதிக்கிற ஒரே இடம் இதுதான். எங்கேயோ குளிர் தேசத்தில் எவனோ ஒருவன் எழுதியது, அதை இலவசமாக இறக்கிக்கொண்டு வந்து மேலே நம் பெயரை ஒட்டியிருக்கிறார் சுதர்சனம், ஆனாலும் எழுதியவன் ஆள் கெட்டிக்காரன். அடிக்கடி வருவது அழுக்கு. எத்தனை சரி. சோலைச்சாமி தன் வாழ்க்கையையே அப்படித்தான் நடத்திக்கொண்டு வந்திருக்கிறான். பக்கத்து ஃப்ளாட்காரர் லிஃப்டில் தினமும் சொல்கிற வெயில் பற்றிய வாசகம், அழுக்கு. வித்யாவின் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோனில் கேட்கிற சாப்டீங்களா மாப்ளே, அழுக்கு. வாட்ஸாப்பில் வருகிற காலை வணக்கம் ரோஜாப்பூ, டாக்டர் சுதர்சனத்தின் ஒரே நகைச்சுவை, எல்லா ரிசப்ஷனிலும் வைக்கிற அதே பனீர், எல்லாம் அழுக்கு, காதில் விழுவதற்கு முன்னாலேயே வடிகட்டிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதான். தல நிக்கலங்க. இது எதற்குத் திரும்ப வருகிறது? சளி பிடித்த மாதிரி தொண்டையிலேயே நிற்கிறது. நிக்கல, நிக்கல. முந்திரியை எவனோ நொறுக்நொறுக்கென்று தின்கிறான், காது கூசுகிறது.

மொகத்தப் பாத்தா எங்க பக்கம் மாதிரி இருக்கு. எந்தப் பக்கம் என்று அவள் சொல்லவில்லை, இவன் கேட்கவுமில்லை, கேட்கவே வேண்டாம், சோலை என்று பெயரில் இருந்தால் கரிசலேந்தல்தான், குலசாமி சோலையாண்டி, மொட்டை போட்ட கையோடு எல்லாப் பிள்ளைக்கும் அதே பெயர், ஆணென்ன பெண்ணென்ன. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் ஐந்து சோலைச்சாமி இருந்தார்கள், வாத்தியார் நெட்டை, குட்டை, கோணவாயன் என்று பிரித்துக் கூப்பிடுவார், இவன் கோணவாயன். வேலைக்கு வந்த முதல் நாளே கதவில் எஸ். சாமி என்று எழுதச் சொல்லிவிட்டான், பாதிப் பெயரை முழுங்கியதில் எத்தனை நிம்மதி. அவர்கள் கல்யாணம் பார்க்க வேண்டும். வெளியே போக மாட்டார்கள், அத்தை மகள், மாமன் மகன், அதற்குள்ளேயே சுற்றிச்சுற்றி, பந்தலில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மூக்கு, நுனியில் பிளந்த மூக்கு, பெண்ணுக்கும் அதுதான், மாப்பிள்ளைக்கும் அதுதான், மேளக்காரன் மூக்கு மட்டும் வேறே. அத்தை மகள் அன்னமயிலைக் கட்டிக்கொள்ளவில்லை என்று அப்பா மூன்று வருஷம் பேசாமல் இருந்தார். மாட்டேன் என்று சொன்னதற்குக் காரணம் படிப்பு என்றான், சயின்ஸ் என்றான், உண்மையில் அந்த மூக்குத்தான் காரணம், கண்ணாடியில் பார்க்கிறதையே மறுபடி எதிரே உட்கார வைத்துச் சோறு தின்ன முடியாது என்கிற அருவருப்பு. அத்தை வீடு இருந்த சந்து. சுண்ணாம்பு உதிர்கிற சுவர், வெயில், தொட்டில் சேலையிலிருந்து சின்னதாக ஒரு கால் தொங்கும், ஆடாது. பால் வாங்கப் போகிற வழியில் பெண்கள் ஒருத்தியிடம் ஒருத்தி விசாரித்துக்கொள்வார்கள். “அங்கயும் தல நிக்கலையாமுல்ல?” “ம், நிக்காதாம்.” மழை வருமா என்று கேட்கிற தோரணையில். அந்த வீட்டில் ஒன்று, பின் வீட்டில் ஒன்று, அத்தைக்கே அன்னமயிலுக்கு முன்னால் இரண்டு. யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். எத்தனை தரம் கேட்டிருப்பான் அதை. பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த ஊர்ப் பேச்சு, மூடர்களின் பேச்சு, காற்றுக் கருப்பு, சாமி குத்தம், தலை நிக்காத புள்ள. காதில் விழுவதற்கு முன்னாலேயே வடிகட்டிப் போட்டுவிட்டு—

இங்கே ஏதோ இடறியது. இல்லை, அது வேறே, இது வேறே. அது ஊர்ப் பேச்சு, இது விஞ்ஞானம். உலகத்தில் எங்குமே இல்லாதது நம் ஸாம்பிள்களில் மட்டும் வந்தால் அது மெஷின். சரிதானே. குளிர் தேசத்துக்காரன் முட்டாள் இல்லை. அவன் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் பத்துத் தேசத்து ஆள் வருகிறான், ஒருவனுக்கொருவன் ரத்த சம்பந்தமில்லை, அத்தனை பேருக்கும் பொதுவாக ஒன்று வந்தால் அவர்களுக்குப் பொதுவாக இருப்பது மெஷின் ஒன்றுதான். அங்கே சரி. நம் ஸாம்பிள்கள் எங்கிருந்து வந்தன? இந்த விதி வேலை செய்ய உள்ளூர் ரத்தம் நிறைய வேண்டுமென்று டாக்டர் இலவச முகாம் போட்டார், ஒரு மில் முதலாளி பந்தல் செலவை ஏற்றுக்கொண்டார், மில் இருக்கிற பக்கத்திலேயே போடச் சொன்னார், பேப்பரில் படம் வந்தது, வரிசை வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு. கரிசலேந்தல் சமுதாயக்கூடத்தில். சோலைச்சாமி அன்றைக்கு வயிற்றுவலி என்று போகவில்லை, எவனாவது டேய் கோணவாயா என்று கூப்பிட்டுவிடுவான் என்று. பந்தலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே மூக்கு. மெஷினிடம் இல்லை. மெஷினுக்கு மூக்கு கிடையாது. அடச்சீ, என்ன யோசனை இது, பச்சைக் கட்டம் பார்த்துக் கை தட்டுகிறவர்களை விடக் கேவலமாக. நாலாவது கட்டம் பச்சையானது. கை தட்டினார்கள். வடிகட்டியாயிற்று. தூக்கிப் போட்டாயிற்று, எதைத் தூக்கிப் போட்டது என்று இந்த ஹாலில் ஒருத்தராவது கேட்க வேண்டுமே, ஊஹூம், டாக்டர் டீ கொண்டுவரச் சொல்கிறார்.

டீ வந்த சத்தத்தில் அவன் மடியில் லேப்டாப்பைத் திறந்தான். தூக்கிப் போட்டதெல்லாம் சர்வரில் ஒரு மூலையில் கிடக்கும், யாரும் போய்ப் பார்ப்பதில்லை, குப்பைத்தொட்டியைக் கிளறுகிறவனை யார் மதிப்பார்கள். செத்த பிள்ளையின் குப்பை. தசைக்கு வேண்டிய மரபணுக்களை மட்டும் பார்த்தான். ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது, பிள்ளைக்குத் தாய் வழி, தகப்பன் வழி இரண்டு பிரதியிலும், தாய்க்கு ஒரு பிரதியில், தகப்பனுக்கு ஒரு பிரதியில், கோடு போட்ட மாதிரி சுத்தமாக. மெஷின் அழுக்கு இப்படிக் குடும்பம் பார்த்து விழாது. ஒரு பிரதி கெட்டவருக்கு ஒன்றும் ஆகாது, ஆயுசுக்கும் தெரியாது, திடகாத்திரமாக உலாவலாம். ஒரு பிரதி கெட்ட இருவர் கல்யாணம் செய்துகொண்டால்தான், அதுவும் பிள்ளைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கெட்டதே வந்து சேர்ந்தால்தான். உலகப் பட்டியல் எதிலும் இந்த எழுத்து இல்லை, எப்படி இருக்கும், கரிசலேந்தலை உலகம் எப்போது எண்ணியது. தூக்கிப் போட்ட காரணம் என்ற இடத்தில் இரண்டே சொல், அடிக்கடி வருவது. வேறே யாருக்கெல்லாம் வந்தது என்று கேட்டான். எண்கள் வந்தன. எண்ணுக்குப் பெயர் கேட்டான். சோலையம்மாள், சோலைராஜ், சோலைமுத்து, சோலையம்மாள், பால்சோலை, சோலைச்சாமி, சோலைச்சாமி, கீழே போகப்போகச் சோலைதான். குஜராத்திக்காரர்கள், கேரளத்துக்காரர்கள், ஹார்பர் ஊழியர்கள், எத்தனையோ பேர் ரத்தம் இதே மெஷினில் ஓடியிருக்கிறது, ஒருத்தருக்கும் இல்லை. நெட்டையா, குட்டையா இது, யார் இந்தச் சோலைச்சாமி என்று மறுபடி மேலே போனான். அவசரத்தில் தாண்டிப்போன முதல் எண், முகாமுக்கெல்லாம் முந்தின எண், மெஷின் வந்து இறங்கிய வாரம் வெள்ளோட்டம் பார்க்க ஊழியர்கள் கையை நீட்டினார்களே, அப்போது எடுத்தது. எஸ். சாமி.

முதலில் வந்தது கோபம்தான், அப்புறம்தான் பயம். தன்னையும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணிவிட்டதே இந்தக் குழாய் என்று. பிறகு வித்யா அந்த ஊர் இல்லை, மகன் பிரணவுக்கு ஒன்றும் வராது என்று ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைப் பார்த்துக் கூச்சம் வந்தது. அத்தை இரண்டு தொட்டிலை அவிழ்த்திருக்கிறாள். அன்னமயிலைக் கட்டியிருந்தால். அவளை அவள் சின்ன மாமன் மகனுக்குக் கொடுத்தார்கள், அதே மூக்கு, அவளுக்குப் பிள்ளை எத்தனை, எப்படி இருக்கின்றன, இவன் கேட்டதே இல்லை, பத்திரிகை வந்தால் பிரிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல் போடுவான். ஐந்தாவது கட்டம் பச்சை. கை தட்டல். இருக்கட்டும், ரிப்போர்ட் போகட்டும், நாளைக்குத் திருத்தி ஒன்று அனுப்பினால் போகிறது என்றது மனசு, நைச்சியமாக. ஹைதராபாத்காரன் முன்னால் எதற்குக் காட்சி, கோணவாயன் எழுந்து நின்று எங்கள் ஊர்க் கதை என்று ஆரம்பித்தால் இந்த முந்திரித் தின்னிகள் எப்படிப் பார்க்கும். நாளைக்கு. நாளைக்கு அவள் எங்கே இருப்பாள்? காரணம் எதுவும் காணப்படவில்லை என்று படித்ததும் அவள் என்ன செய்வாள் என்று இவனுக்குத் தெரியாதா, அந்தச் சனங்களை இவனுக்குத் தெரியாதா, ஒண்ணுமில்லைன்னு பெரிய ஆஸ்பத்திரியிலயே சொல்லிட்டாக என்று நேரே சோலையாண்டிக்குத் தேங்காய் உடைக்கப் போவாள், அதற்கப்புறம் நீ எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அதைத்தான் அழுக்கு என்பாள். ஆறாவது கட்டம் சுழல ஆரம்பித்தது. டாக்டர் கையை உயர்த்தி, நண்பர்களே, இப்போது, மனிதக் கை படாமல், என்று ஆரம்பித்தார். சோலைச்சாமியின் விரல் ஏற்கெனவே விசையின் மேல் இருந்தது. ஓட்டத்தை நிறுத்தினான்.

கட்டம் சிவப்பானது. ஒருவன் மட்டும் பழக்கத்தில் கை தட்டிவிட்டு நிறுத்தினான்.

டாக்டர் சுதர்சனம் சிரித்த முகத்தைக் கலைக்காமலே கடைசி வரிசைவரை நடந்து வந்தார். “என்ன சாமி, என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“நான்தான் சார் நிறுத்தினேன். ரிப்போர்ட் தப்பு.”

“தப்பா? இது அந்த நாட்டுலயே ஆயிரம் ஆஸ்பத்திரில ஓடுதுய்யா.”

“அங்க ஓடட்டும் சார். இங்க நாலாவது கட்டம் அந்தப் புள்ள செத்த காரணத்தை அழுக்குன்னு தூக்கிப் போட்டிருச்சு. இதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரங்க எத்தனை பேருக்கு ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்தமோ, அத்தனையும் திரும்பப் பாக்கணும்.”

“அந்த ஊர், அந்த ஊர்ங்கிறீங்க. ஒரு ஊருக்காகப் பைப்லைனை மாத்துவாங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும் அது அழுக்கு இல்லைன்னு?” குரல் இன்னும் தாழ்ந்தது. “கெஸ்ட் இருக்காங்க. மறுபடி ஓட விடுங்க. காலையில பேசிக்கலாம்.”

இவருக்கு விளக்கிப் புண்ணியமில்லை. சோலைச்சாமி லேப்டாப்பை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தான். வாசலருகே நின்ற டீ டிரேயைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினான். என்ன சொல்லப் போகிறான்? உன் அத்தை மகனைக் கட்டியதுதான் தப்பு என்றா? அதைச் சொல்ல ஆயிரம் டாக்டர் இருக்கிறார்கள். அவளிடம் கத்தவேண்டும் போலிருந்தது, ஊரையே நிற்க வைத்துக் கத்தவேண்டும் போலிருந்தது, ஏன் மழையைப் பற்றிக் கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள், ஏன் ஒருத்தியாவது ஆச்சரியப்படவில்லை என்று. நீ ஆச்சரியப்பட்டாயா என்றது படிக்கட்டு.

மீன்தொட்டிக்குப் பக்கத்தில் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். மடியில் ஃபோன், அதன் மேல் இரண்டு கையும். புருஷன் எழுந்து நின்றான்.

“ஒண்ணும் வரலங்கண்ணே இன்னும்” என்றாள், ஃபோனைக் காட்டி.

“வராது. நான் நிறுத்திட்டேன். உக்காருங்க.” எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “காரணம் இருக்கு. தெரிஞ்சிருச்சு. அதே மெஷின் வேண்டாம், வேறொரு முறையில ஒரு தடவை உறுதி பண்ணிருவோம். பெறகு வயித்துல இருக்கிற புள்ளைக்கும் பாக்கலாம். நாள் இருக்கு.”

அவள் புருஷனைப் பார்த்தாள். புருஷன் சுவரைப் பார்த்தான். பிறகு அவள் சந்தேகமாக, குரலை ஒடுக்கிக்கொண்டு, “மேல பெரிய டாக்டர் சொன்னாரா?” என்று கேட்டாள்.

“இல்ல. நான்தான் சொல்றேன்.”

“உங்களுக்கு எப்பிடிங்கண்ணே தெரியும்?”

இதே கேள்வியைத்தான் அந்தக் கோட்டுக்காரரும் கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. சோலைச்சாமி மூக்கைத் தேய்த்துக்கொண்டான், நுனியில், பிளந்த இடத்தில்.

“நான் கரிசலேந்தல்தாம்மா. கீழத்தெரு. தல நிக்காத புள்ளைகளப் பாத்தவன்தான் நானும்.”